ஜி.எம். சார்பாக

"எனக்குக் கோபம் வந்தால் கையில் கிடைத்ததை எறிவேன்" என்ற வாக்கியத்துக்கு வந்ததும் பி.ஏ.வின் பேனா நின்றுவிட்டது. கீழே நான்கு கட்டங்கள் இருந்தன. முழுக்கச் சரி, ஓரளவு சரி, அவ்வளவாக இல்லை, அறவே இல்லை. எதில் புள்ளடி போடுவது என்று தெரியாமல் பேனா மூடியைக் கடித்தார்.

தயக்கத்துக்குக் காரணம் இருந்தது. அந்த வாக்கியத்தில் வரும் 'நான்' பி.ஏ. அல்ல. அது அவருடைய மேலதிகாரி, மெத்தைத் தொழிற்சாலையின் ஜெனரல் மேனேஜர். ஜி.எம்.மின் குணத்தைச் சோதிப்பதற்காக மனநல டாக்டர் ஒருவர் அனுப்பியிருந்த படிவம் அது. ஜி.எம். தன்னைப் பற்றித் தானே, யாருடைய உதவியும் இல்லாமல், மனதில் பட்டதை உள்ளபடி நிரப்ப வேண்டும் என்று மேலே தடித்த எழுத்தில் போட்டிருந்தது. அதனால்தான் பி.ஏ. கதவைச் சாத்திக்கொண்டு, வேறு யாரையும் கிட்டே விடாமல் நிரப்பிக்கொண்டிருந்தார்.

இதில் அவருக்கு ஒரு உறுத்தலும் இல்லை. ஜி.எம்.முக்காக அவர் நிரப்பாத படிவம் கிடையாது. பாஸ்போர்ட் விண்ணப்பம், மகனின் கல்லூரி விண்ணப்பம், மனைவிக்கு ஆண்டுதோறும் போகும் பிறந்தநாள் வாழ்த்து, சம்பந்தி வீட்டுத் துக்கத்துக்கு அனுதாபக் கடிதம் எல்லாம் அவர் கைவண்ணம். அந்த அனுதாபக் கடிதத்தைப் படித்துச் சம்பந்தி தேம்பி அழுததாகக் கேள்விப்பட்டபோது பி.ஏ.வும் கொஞ்சம் கண்ணைத் துடைத்துக்கொண்டார். போனிலும் அப்படித்தான். தொண்டையைக் கனைத்துக்கொண்டு "ஜி.எம். பேசறேன்" என்று அவர் ஆரம்பித்தால், மறுமுனையில் கிடங்குப் பொறுப்பாளர் எழுந்து நின்றுகொண்டுதான் பதில் சொல்வார். ஜி.எம். போனைத் தொட்டே பல வருஷங்கள் ஆகியிருந்தன.

ஜி.எம். அதிகம் பேசுகிறவர் அல்ல. ஒரு பெருமூச்சு, ஒரு 'ம்', கண்ணை மூடித் திறப்பது, அவ்வளவுதான். மற்றவர்களுக்கு அதில் ஒன்றும் புரியாது. பி.ஏ.வுக்கு எல்லாம் புரியும். நீளமான பெருமூச்சு என்றால் எதிரில் இருப்பவனுக்கு மெமோ. இறங்கின குரலில் 'ம்' என்றால் போனில் நன்றாக நாலு திட்டு. மெமோவை எழுதுவதும் போனில் திட்டுவதும் பி.ஏ.வின் வேலை, கோபம் ஜி.எம்.முடையது. இப்படிப்பட்ட முன்கோபியிடம் இத்தனை வருஷம் குப்பை கொட்டியதற்கே தனக்கு ஒரு பதக்கம் தர வேண்டும் என்று பி.ஏ. வீட்டில் சொல்லிக்கொள்வார்.

விவகாரம் ஒரு தலையணையில் ஆரம்பித்தது. கடைகளிலிருந்து திரும்பி வந்த தலையணைகளுக்குத் தான் பொறுப்பில்லை, பஞ்சுதான் பொறுப்பு என்று விற்பனை மேலாளர் கூட்டத்தில் வெகுநேரம் விளக்கினார். ஜி.எம். ஒரு பெருமூச்சு விட்டார். நீளமானது. அடுத்த கணம் மேசைமேல் இருந்த மாதிரித் தலையணை, ஜி.எம்.மும் பி.ஏ.வும் இருந்த பக்கமிருந்து பறந்து போய் விற்பனை மேலாளரின் முகத்தில் அப்பியது. அவர் தடுமாறிப் பின்னால் இருந்த மாதிரி மெத்தையில் மல்லாந்து விழுந்தார். மெத்தை உயர்ந்த ரகம் என்பதால் அடி எதுவும் படவில்லை. எழுந்திருக்கத்தான் மனம் வரவில்லை. அன்று மாலையே முதலாளிக்குப் புகார் போய்விட்டது. ஜி.எம். போனில் திட்டிய திட்டுகளையும் விற்பனை மேலாளர் ஞாபகம் இருந்தவரை அதில் சேர்த்திருந்தார்.

முதலாளி நியாயஸ்தர். ஒருவரை வெறும் கோபக்காரர் என்று சொல்லி வீட்டுக்கு அனுப்ப அவருக்கு விருப்பமில்லை. குணக் கோளாறு இருக்கிறதா என்று முறைப்படி சோதித்து அறிக்கை வாங்குவது, கோளாறு என்று வந்தால் ஜி.எம்.முக்கு மாலை போட்டு ஓய்வு கொடுத்துவிடுவது என்று முடிவு செய்தார். படிவம் உறையில் வந்தது. பி.ஏ. அதை உள்ளே கொண்டுபோய் வைத்தார். ஜி.எம். உறையைப் பார்த்தார், பி.ஏ.வைப் பார்த்தார், ஒரு விரலால் உறையைப் பி.ஏ. பக்கம் மெல்லத் தள்ளிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். 'ஒழுங்கா எழுது, இல்லேன்னா தொலைச்சுடுவேன்' என்று அதற்கு அர்த்தம்.

பி.ஏ.வுக்கும் இதில் ஒரு காரியம் ஆக வேண்டியிருந்தது. அவருடைய மனைவி பள்ளிக்கூட டீச்சர். கடலோரத்து ஊர் ஒன்றுக்கு மாற்றலாகிப் போய்விட்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் பிடித்துப் போய், சாப்பிட்டுவிட்டு, அடுத்த பஸ்ஸில் திரும்புவதுதான் பி.ஏ.வின் குடும்ப வாழ்க்கை. அதே ஊரில் கம்பெனிக்கு ஒரு விற்பனைக்கூடம் இருந்தது. அங்கே மாறுதல் கேட்டு பி.ஏ. விண்ணப்பம் போட்டார். விண்ணப்பம் முறைப்படி ஜி.எம். அலுவலகத்துக்கு, அதாவது பி.ஏ.வின் மேசைக்கு, வந்து சேர்ந்தது. ஜி.எம். இதற்கு என்ன சொல்வார் என்று பி.ஏ.வுக்குத் தெரியாதா? 'நிர்வாக நலன் கருதி நிராகரிக்கப்படுகிறது. இதுபோன்ற சொந்த அலுவல்களுக்காக நிர்வாகத்தின் நேரத்தை வீணாக்க வேண்டாம்' என்று ஜி.எம். நடையில் பதிலைத் தட்டச்சு செய்து, ஜி.எம். சார்பாகக் கையெழுத்திட்டு, உறையில் போட்டு ஒட்டித் தன் தட்டில் வைத்துக்கொண்டார். பிரித்துப் படித்தபோது மனம் நொந்துவிட்டது. இரண்டாவது வாக்கியம் தேவையே இல்லை என்று நினைத்தார்.

இப்போது ஒரு வழி பிறந்திருந்தது. இந்தச் சோதனையில் ஜி.எம்.மைக் கரையேற்றிவிட்டால், அந்த நன்றிக்காவது கல் மனம் கரையும். அப்போது நேரில் போய்க் கேட்டுவிடலாம். பி.ஏ. நிமிர்ந்து உட்கார்ந்து, 'அறவே இல்லை' என்ற கட்டத்தில் அழுத்தமாகப் புள்ளடி போட்டார். பிறகு கடைசிவரை அதே வேகத்தில் போட்டுக்கொண்டே போனார். கோபம் அறவே இல்லை. கவலை அறவே இல்லை. பிறரைக் குறைசொல்வது அறவே இல்லை.

சில நாளில் டாக்டரிடமிருந்து போன் வந்தது. டாக்டர் இளம்பெண். தன் வேலையில் அளவுகடந்த உற்சாகம் உள்ளவர் என்பது குரலிலேயே தெரிந்தது. பி.ஏ. வழக்கம்போலத் தொண்டையைக் கனைத்துக்கொண்டு ஜி.எம். ஆனார்.

"சார், முன்னாடியெல்லாம் ஆளைப் பார்த்ததும் ஒரு பெட்டியில போட்டு மூடி, மேல ஒரு பேரை ஒட்டிடுவாங்க" என்று டாக்டர் விளக்கினார். "இந்த முறை அப்படி இல்ல. எல்லார்கிட்டயும் இருக்கறது, ரேடியோவுல திருப்பற மாதிரி, அதே அஞ்சு குமிழ்தான். மனசு எவ்வளவு அலைபாயுது, ஆட்களை விட்டு எவ்வளவு ஒதுங்கறோம், எவ்வளவு மல்லுக்கு நிக்கறோம், எவ்வளவு அவசரப்படறோம், எண்ணம் எவ்வளவு ஏறுமாறாப் போகுது. ஒருத்தருக்குக் கூட இருக்கும், ஒருத்தருக்குக் கம்மியா இருக்கும். அதெல்லாம் குணம். ஏதாவது ஒரு குமிழ் ஓரத்துல போய் இறுகிக்கிட்டு, திருப்பினாலும் திரும்பாம, அவரையும் சுத்தி இருக்கறவங்களையும் படுத்தி எடுத்தா அப்பத்தான் கோளாறு."

"ம்" என்றார் பி.ஏ.

"உங்களுக்கு அஞ்சும் பூஜ்யத்துல இருக்கு சார். மனுஷனுக்கு இப்படி வராது. மெத்தைக்கு வேணும்னா வரலாம்."

பூஜ்யம் நல்லதல்ல என்று பி.ஏ.வுக்கு அப்போதுதான் தெரிந்தது. டாக்டர் வேறு படிவம் அனுப்பினார். கூடவே இன்னொன்றும் வந்தது. தன் குணத்தைப் பற்றி ஒருவர் தானே சொல்வதை மட்டும் நம்ப முடியாதாம். கோளாறு உள்ளவருக்குத் தன் கோளாறு கண்ணில் படாதாம். அதனால் அவரோடு தினமும் பழகுகிற ஒருவர், அவருக்குத் தெரியாமல், அவரைப் பற்றி நிரப்பித் தர வேண்டுமாம். பழகுகிறவர் என்று கம்பெனி கொடுத்திருந்த பெயர் பி.ஏ.வுடையது.

பி.ஏ. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டார். ஜி.எம்.முக்கு அளவாகக் கொஞ்சம் கோபம் கொடுத்தார், கொஞ்சம் கவலை கொடுத்தார், விருந்துகளில் ஒதுங்கி நிற்கும் பழக்கம் ஒன்றையும் கொடுத்தார். முதலில் ஜி.எம்.மாக ஒரு புள்ளடி, பிறகு தானாக ஒரு புள்ளடி. இரண்டுக்கும் முரண்பாடு வந்துவிடக் கூடாதே என்று ஒவ்வொன்றையும் சரிபார்த்தார். வேலையில் சுத்தம் என்றால் அவரிடம்தான் கற்றுக்கொள்ள வேண்டும்.

டாக்டர் மறுபடி கூப்பிட்டார். இம்முறை குரலில் உற்சாகத்தோடு கவலையும் இருந்தது.

"சார், ஆயுசு பூரா ஒண்ணா இருந்த புருஷன் பொண்டாட்டியே இதுல பாதிக்குமேல ஒத்துப் போக மாட்டாங்க. உங்க பி.ஏ. ஒரு புள்ளடி மாறாம எழுதியிருக்கார்."

"நல்லாப் பழக்கி வச்சிருக்கேன்" என்றார் பி.ஏ., பெருமை தாளாமல்.

அதுதான் பயமாக இருக்கிறது என்றார் டாக்டர். குமிழ்களைப் பார்ப்பதற்கு முன்னால் பார்க்க வேண்டியது ஒன்று உண்டாம். தான் யார், தான் எங்கே முடிந்து அடுத்தவர் எங்கே ஆரம்பிக்கிறார் என்பது ஒருவருக்குத் தெளிவாக இருக்க வேண்டுமாம். அந்த பி.ஏ.வுக்கு அது இருக்கிறதா என்று சந்தேகமாக இருக்கிறதாம். ஆகவே இப்போதே இருவரிடமும் தனித்தனியாகப் பேச வேண்டும். ஒருவர் பேசும்போது மற்றவர் அறையில் இருக்கவே கூடாது என்று கண்டித்துச் சொன்னார்.

"இருக்க மாட்டோம்" என்று பி.ஏ. வாக்குக் கொடுத்தார். கொடுத்த வாக்கை எப்படியோ காப்பாற்றவும் செய்தார்.

முதலில் ஜி.எம்.மாக, நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு பேசினார். தலையணை எறிந்தது உண்மைதான், அந்த மனுஷனின் பேச்சைக் கேட்டிருந்தால் டாக்டரே கட்டிலை எறிந்திருப்பார் என்றார். பிறகு ரிசீவரை மேசைமேல் வைத்து, கதவுவரை நடந்து, திறந்து, மூடி, செருப்பைத் தேய்த்துக்கொண்டு திரும்பி வந்தார். உட்காரவில்லை. ஜி.எம். விஷயம் பேசும்போது பி.ஏ. உட்காருவது வழக்கமில்லை.

"பயப்படாமச் சொல்லுங்க. தலையணையை எறிஞ்சது யாரு?" என்று டாக்டர் கேட்டார்.

உண்மையைச் சொல்லும்படி யாரும் இவ்வளவு அன்பாக அவரிடம் கேட்டதில்லை. "நான்தான் டாக்டர். ஆனா எறிஞ்சது அவரு."

"புரியலையே."

"கை என்னுது. கோபம் அவரோடது. அவரு பெருமூச்சு விட்டாரு."

"எறியச் சொன்னாரா?"

"சொல்லித்தான் செய்யணும்னா பி.ஏ. எதுக்கு டாக்டர்?"

ஒரு அப்பாவியை இப்படி ஆட்டிவைத்திருக்கிறாரே என்று டாக்டருக்குக் கோபம் வந்துவிட்டது போலும். விதியைத் தானே தளர்த்தி, ஜி.எம்.மையும் உள்ளே கூப்பிடுங்கள், இரண்டு பேரும் ஒன்றாகவே பேசுங்கள் என்றார்.

பி.ஏ. உட்கார்ந்தார். ஜி.எம். குரலில், இந்த ஆளை நம்பாதீர்கள், தலையணையை எறியச் சொல்லித் தான் ஒருநாளும் சொன்னதில்லை என்றார். எழுந்து நின்றார். சொன்னதில்லைதான், எதைத்தான் வாயைத் திறந்து சொல்லியிருக்கிறீர்கள் என்று கேட்டார். மறுபடி உட்கார்ந்தார். இப்படி உட்கார்ந்தும் எழுந்தும் நாற்காலி கிறீச்சிட்டது. நடுவில் எப்படியோ மாறுதல் விண்ணப்பம் பேச்சில் வந்துவிட்டது. ஏன் மறுத்தீர்கள் என்று டாக்டர் ஜி.எம்.மைக் கேட்டார்.

பி.ஏ. உட்கார்ந்தபடி யோசித்தார். இந்தக் கேள்வியை அவர் இதுவரை ஜி.எம்.மாக யோசித்துப் பார்த்ததில்லை. "இவன் போயிட்டா என் பேனா எங்க இருக்குன்னுகூட எனக்குத் தெரியாது" என்று மெதுவாகச் சொன்னார்.

அதைக் கேட்டதும் எழுந்து நின்ற பி.ஏ.வுக்கு எங்கிருந்தோ ஆவேசம் வந்துவிட்டது. இத்தனை வருஷம் தொண்டைக்குள் கிடந்ததெல்லாம் வெளியே வந்தது.

"அது சரி சார், அந்த ரெண்டாவது வாக்கியம் எதுக்கு எழுதினீங்க? பொண்டாட்டி கையால நாலு நாள் சேர்ந்தாப்பல சாப்பிடணும்னு நினைக்கறது நேரத்தை வீணாக்கறதா? ராத்திரி பஸ்ல தூங்கித் தூங்கி என் கழுத்து ஒரு பக்கமாத் திரும்பிப் போச்சு. மெத்தைக் கம்பெனியில வேலை பார்க்கறேன்னு சொல்லிக்க வெக்கமா இருக்கு."

கத்தின கத்தலில் வராந்தாவில் நடமாட்டம் நின்றுவிட்டது. உள்ளறைக் கதவு லேசாகத் திறந்தது. கையில் தண்ணீர்க் குவளையோடு ஜி.எம். எட்டிப் பார்த்தார். உண்மையான ஜி.எம். பி.ஏ.வைப் பார்த்தார், போனைப் பார்த்தார், சத்தமில்லாமல் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போய்விட்டார். கோபம் எல்லை மீறிவிட்டதால் வாயே திறக்கவில்லை என்று பி.ஏ.வுக்குத் தெரிந்தது. சட்டென்று உட்கார்ந்தார்.

"தப்புதான்யா" என்றார் ஜி.எம். குரலில். "மன்னிச்சுக்கோ. மாறுதல் போட்டுக் கொடுத்துடறேன்."

அதைக் கேட்டு பி.ஏ. நின்றுகொண்டு அழுதார். ஜி.எம். வாயிலிருந்து மன்னிப்பு என்ற சொல்லைக் கேட்பதற்காக அவர் எவ்வளவு நாள் காத்திருந்தார். மறுமுனையில் டாக்டரும் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. போனை வைத்த பிறகுதான், மன்னிப்புக் கேட்டதும் தான்தான், மாறுதலில் கையெழுத்து இன்னும் விழவில்லை என்பது பி.ஏ.வுக்கு உறைத்தது.

அறிக்கை முதலாளிக்கு வந்தது. முதலாளி அதன் நகலை ஜி.எம்.முக்கு அனுப்பினார், ஆகவே பி.ஏ. படித்தார். ஜி.எம்.முக்குக் கோபக் குமிழ் கொஞ்சம் தூக்கலாக இருந்தாலும் திருப்பினால் திரும்புகிறது, தன் தவறைத் தானே உணர்ந்து கீழே வேலை செய்கிறவரிடம் மனதார மன்னிப்புக் கேட்கும் பக்குவம் இருக்கிறது, கோளாறு ஏதுமில்லை. இதுவரை படித்ததில் பி.ஏ.வுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. அடுத்த பத்தியில் அவரே வந்தார். மேலதிகாரியிடம் மரியாதையில்லாமல் கத்துகிறார், அடுத்த நொடி அழுகிறார், தன் கை எது, பிறர் கோபம் எது என்று அவருக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை, எனவே உடனே சோதிக்கப்பட வேண்டியவர் பி.ஏ. சோதனை முடியும்வரை அவரை எங்கும் மாற்றக் கூடாது. இவ்வளவு புரிந்துகொள்கிற ஜி.எம்.மின் அருகிலேயே வைத்திருப்பதுதான் அவருக்கு நல்லது.

பி.ஏ. தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். இப்போது அவர் பெயருக்கே ஒரு படிவம் வந்தது. அதே கேள்விகள்தான். ஜி.எம்.முக்காகச் சரசரவென்று நிரப்பியவருக்குத் தனக்கென்று வந்தபோது முதல் வாக்கியத்திலேயே கை ஓடவில்லை. 'புதிய மனிதர்களைச் சந்திப்பது எனக்குப் பிடிக்கும்.' பிடிக்குமா? யோசித்து யோசித்துப் பார்த்தார். கடைசியில் மனைவிக்குப் போன் போட்டார்.

"எனக்குப் புது ஆட்களைப் பார்த்தா பிடிக்குமா?"

"யாரு பேசறது?" என்றார் மனைவி.

விஷயத்தைச் சொன்னார். மனைவி நீளமாக மூச்சு விட்டார். அது எந்த ரகப் பெருமூச்சு என்று பி.ஏ.வுக்குப் பிடிபடவில்லை, வீட்டுப் பெருமூச்சுகளில் அவருக்குப் பழக்கம் போதாது. புது ஆட்களைப் பிடிக்காது, பழைய ஆட்களையும் அவ்வளவாகப் பிடிக்காது, கோபம் நிறைய வரும் என்று மனைவி வரிசையாகச் சொன்னார். பி.ஏ. எழுதிக்கொண்டார். கோபத்தைப் பற்றிச் சொன்னதை மட்டும் எழுதவில்லை. அது அலுவலக நேரத்தில் ஜி.எம்.முக்காக வருவது, சொந்தக் கணக்கில் சேராது என்று விட்டுவிட்டார்.

"இவ்வளவு கூத்து எதுக்கு? நேராப் போய் அந்த மனுஷன்கிட்ட மாறுதல் வேணும்னு ஒரு வார்த்தை கேட்டா என்ன?"

"உனக்கு அவரைத் தெரியாது. கேட்டா அவ்வளவுதான், என்னை உயிரோட விட மாட்டாரு."

"எத்தனை தடவை கேட்டிருக்கீங்க?"

யாரோ கூப்பிடுகிறார்கள் என்று சொல்லி பி.ஏ. போனை வைத்துவிட்டார்.

அடுத்து, பி.ஏ.வைப் பற்றி ஜி.எம். நிரப்ப வேண்டிய படிவம் வந்தது. உள்ளே கொண்டுபோனதும் ஜி.எம். அதை வழக்கம்போல ஒரு விரலால் தள்ளிவிட்டார். பி.ஏ.வுக்கு இப்போது தர்மசங்கடம். தன்னைப் பற்றி நல்லதாக எழுதினால், இதையும் பழக்கி எழுத வைத்ததாக டாக்டர் சந்தேகப்படுவார். அதோடு, ஜி.எம். நல்லதாக எழுதுகிற ஆளா என்ன? மனசாட்சிப்படி, ஜி.எம். எப்படி எழுதுவாரோ அப்படியே எழுதினார். முணுக்கென்றால் கோபம், யாரையும் மதிப்பதில்லை, தான் நினைப்பதே பிறர் நினைப்பது என்ற எண்ணம், சுற்றி இருக்கிறவர்களை நடுங்க வைக்கிறார். எழுதி முடித்துப் படித்தபோது ஜி.எம்.மின் மேல் அவருக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. இத்தனை உழைத்தும் என்னைப் பற்றி இந்த மனுஷனின் நினைப்பு இதுதானா என்று அன்று அவர் சரியாகச் சாப்பிடவில்லை.

இந்தப் படிவம் போய்ச் சேர்ந்ததும் டாக்டர் பதறிப்போனார். குமிழ்கள் எல்லாம் ஓரத்தில் இறுகிக் கிடக்கின்றன, இனி போனில் ஆகாது, நேரில் வருகிறேன், இருவரையும் ஒரே அறையில் பார்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்.

பி.ஏ.வுக்குக் கை கால் ஓடவில்லை. ஜி.எம். வாயைத் திறந்து ஒரு வார்த்தை பேசினால் போதும், போனில் பேசிய குரல் அதுவல்ல என்று டாக்டருக்குத் தெரிந்துவிடும். மாறுதல் இருக்கட்டும், வேலையே போய்விடும். டாக்டர் வருவதற்குள் யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தார். ஜி.எம். அறைக்குள் டாக்டரை அழைத்துப் போனதும், சாருக்குத் தொண்டை கட்டிவிட்டது, பேசவே கூடாது என்று உத்தரவு என்றார். ஜி.எம். உடனே தலையை ஆட்டி ஆமோதித்தார். கழுத்தில் கையை வைத்துக்கூடக் காட்டினார். அவ்வளவு ஒத்துழைப்பை பி.ஏ. எதிர்பார்க்கவில்லை. வெளியாள் போன பிறகு இதற்குச் சேர்த்து வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டியிருக்கும் என்று நினைத்துக்கொண்டார்.

டாக்டர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். மேசைக்கு அந்தப் பக்கம் ஜி.எம். ஒடுங்கி உட்கார்ந்திருந்தார், தொண்டை வலி. இந்தப் பக்கம் பி.ஏ. நின்றபடி, டாக்டர் கேட்காத கேள்விகளுக்கெல்லாம் ஜி.எம்.முக்காகப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார்.

"பரவாயில்ல" என்றார் டாக்டர். "ரெண்டு பேர் சொல்றது எனக்குக் குழப்பமா இருந்தா, மூணாவதா ஒருத்தரைக் கேக்கறது இந்த முறையில வழக்கம். சாருக்கு நெஜமா எவ்வளவு கோபம் வரும்னு தெரிஞ்சாத்தான் மத்தது புரியும். சாரைப் பத்தி வீட்ல இருக்கறவங்களைவிட யாருக்குத் தெரியும்? நான் மேடத்தையும் வரச் சொல்லியிருக்கேன்."

கதவைத் திறந்துகொண்டு ஜி.எம்.மின் மனைவி உள்ளே வந்தார். பருமனான, சிரித்த முகமுள்ள அம்மாள். பி.ஏ. இத்தனை பிறந்தநாள்களுக்கு வாழ்த்து எழுதியும் நேரில் பார்ப்பது இதுவே முதல் தடவை. வீட்டில் இந்த மனுஷன் படுத்துகிற பாட்டை அந்த அம்மாள் ஒரு வார்த்தை அவிழ்த்துவிட்டால் தீர்ந்தது. ஜி.எம்.முக்குக் கோளாறு என்று ஆகிவிடும். நன்றிக்கு ஆள் இருக்காது. கடலோரத்து ஊர் கனவாகவே போய்விடும். எதையாவது சொல்லித் தடுத்துவிடலாம் என்று வாயைத் திறந்தார். டாக்டர் கையைக் காட்டி அடக்கிவிட்டார்.

"மேடம், உங்க வீட்டுக்காரருக்கு எவ்வளவு கோபம் வரும்னு பயப்படாமச் சொல்லுங்க."

அந்த அம்மாள் கணவரைப் பார்த்தார். கணவர் தரையைப் பார்த்தார்.

"இவருக்கா, கோபமா?" என்றார் அந்த அம்மாள். "தினம் காலையில வாசல்ல நின்னுக்கிட்டு, 'இன்னிக்கு அந்த பி.ஏ. யார்மேல பாயப் போறாரோ, தனக்கு மாறுதல் வேணும்னு ஒரே ஒரு தடவை என்கிட்ட கேட்டுட்டார்னா அந்த நிமிஷமே கையெழுத்துப் போட்டு அனுப்பிடுவேனே'ன்னு புலம்பிட்டு, நான் கையைப் பிடிச்சுத் தள்ளின அப்புறம்தானே டாக்டர் ஆபீசுக்கே கிளம்பறாரு."